தையல் மிஷினுக்குள் இத்தனை சங்கதியா? தெரியுமா!

தெரியுமா? ஓப்பல் கார் கம்பெனி முதன்முதலில் செய்து விற்றது காரே அல்ல, தையல் மிஷின்! 1862இல் ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைம் ஊரில் அடாம் ஓப்பல் தொடங்கிய பட்டறை அது. கார் செய்யும் யோசனை வந்தது 1899இல்தான். அதற்குள் அடாம் ஓப்பலே காலமாகிவிட்டார். ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா கம்பெனியின் கதை இன்னும் விசித்திரம். 1689இல் துப்பாக்கி ஆலையாகத் தொடங்கி, 1872இல் தையல் மிஷினுக்கு வந்தார்கள். சிங்கர் கம்பெனியோ இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு 500 கைத்துப்பாக்கிகள் செய்துகொடுத்தது. ஐநூறே ஐநூறு. அவற்றில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் பழம்பொருள் சேர்ப்பவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

இதைக் கேளுங்கள்: பிள்ளைகள் கையில் வைத்து விளையாடிய நின்டெண்டோ 'கேம் பாய்' இருக்கிறதல்லவா? 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிங்கர் ஒரு மாடலை இறக்கியது. அதில் கேம் பாயைச் செருகினால்தான் மிஷினுக்கு எந்தத் தையல் போடுவதென்று சொல்ல முடியும்! பிள்ளை விளையாடுவதா, அம்மா தைப்பதா என்று எத்தனை வீட்டில் சண்டை வந்ததோ!

போனஸ் பணத்திலோ, மகள் அனுப்பிய பணத்திலோ புது மிஷின் வாங்கி, அட்டைப் பெட்டியைப் பிரித்து, "இதில் என்ன தைப்பது?" என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இந்தத் தொகுப்பு. ஒன்றைப் படித்து வாயைப் பிளப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், தயாராக இருங்கள்!

கண்டுபிடித்தவருக்கு அடி, விற்றவருக்குக் கோடி

தெரியுமா? துணி தைக்க மிஷினைக் கொண்டுவந்த பாவத்துக்கு ஒரு தையல்காரரின் பட்டறையை மற்றத் தையல்காரர்களே உடைத்து நொறுக்கினார்கள்! பார்த்தலெமி திமோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1830இல் காப்புரிமை வாங்கி, பாரிஸில் 80 மிஷின்களை வைத்து ராணுவ உடுப்பு தைத்துக்கொண்டிருந்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் 1831இல் கூட்டமாக உள்ளே புகுந்தார்கள். மிஷின்கள் சுக்குநூறு. திமோனியே கடைசிவரை வறுமையிலேயே இருந்து 1857இல் இறந்துபோனார்.

அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் 1830களிலேயே இன்றைய தையலுக்கு அடிப்படையான வேலையை முடித்துவிட்டார். காப்புரிமை கேட்கவில்லை. தையல் வேலை செய்து பிழைக்கும் பெண்கள் தெருவில் நிற்பார்களே என்று தயங்கியதாகச் சொல்வார்கள். இந்த ஹன்ட் வேறு என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? நம் வீட்டுப் பெண்கள் வளையலில் மாட்டிவைத்திருப்பார்களே, அந்த ஊக்கு! 1849இல் அதன் உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். உலகத்தில் எத்தனை முந்தானைகள், எத்தனை தாலிக்கொடிகள், எத்தனை ஊக்குகள்... நானூறு டாலர்!

எலியாஸ் ஹோவே 1846இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பாஸ்டனில் ஐந்து தையல்காரிகளோடு பந்தயம் வைத்து, நிமிடத்துக்கு 250 தையல் போட்டு ஜெயித்துக் காட்டினார். காட்டுவாசிகள் ஈட்டியால் குத்த வருவதாகக் கனவு கண்டார், ஈட்டி முனையில் ஓட்டை இருந்தது, அதைப் பார்த்துத்தான் ஊசி முனையில் காது வைத்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை, அவ்வளவுதான். முனையில் காது வைத்த ஊசி ஹன்ட் காலத்திலேயே வந்தாயிற்று.

பிறகு வந்தார் ஐசக் சிங்கர். நாடக நடிகர். 1851இல் காப்புரிமை. ஹோவே வழக்குப் போட, இவர் எதிர்வழக்காட, ஆளாளுக்கு ஒரு உதிரி பாகத்தின் உரிமையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் 1856இல் இவர்களும் வேறு இரண்டு கம்பெனிகளும் கைகோத்து உரிமைகளை ஒரே கூடையில் போட்டார்கள். அமெரிக்காவில் காப்புரிமைக் கூட்டு என்ற சங்கதிக்கே அதுதான் பிள்ளையார் சுழி. அதே ஆண்டு சிங்கர் கம்பெனி தவணையில் மிஷின் கொடுக்கத் தொடங்கியது. ஃபிரிட்ஜும் டிவியும் தவணையில் வருவதற்கு எவ்வளவோ முன்பே தையல் மிஷின் வந்துவிட்டது! அந்தப் பணத்தில் நியூயார்க்கில் எழுந்த சிங்கர் கட்டடம் 612 அடி. 1908இல் உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். அடுத்த ஆண்டே வேறொன்று முந்திக்கொண்டது, 1968இல் இடித்தே போட்டுவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் சிங்கர் ஆலை 1980இல் மூடிவிட்டது. ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றைக்கும் 'சிங்கர்'தான்!

இயந்திரங்கள் என்றாலே முகம் சுளித்த காந்தி ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார், தெரியுமா? 1924இல் நடந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மிஷினைப் பயனுள்ள கண்டுபிடிப்பு என்று மெச்சினார். மனைவி உட்கார்ந்து உட்கார்ந்து தைப்பதைப் பார்த்து, அவள்மீதுள்ள அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். பாவம் காந்தி! சிங்கருக்கு ஒரே நேரத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். எந்த மனைவியின் மேலுள்ள அன்பு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை போலும்.

மேல்நூல் பாபினைச் சுற்றி வருகிறது!

இப்போது மிஷினுக்குள் வருவோம். எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத வித்தை இதுதான். கைத்தையலில் ஊசி முழுதாகத் துணியைத் தாண்டிப் போய் மறுபடி மேலே வருகிறது. மிஷின் ஊசி அப்படித் தாண்டுவதே இல்லை. முனை மட்டும் கீழே இறங்குகிறது, உடனே மேலே ஏறுகிறது. பிறகு எப்படி முடிச்சு விழுகிறது?

ஊசி இறங்கி, ஒரு மயிரிழை மேலே எழும்பும் அந்தக் கணத்தில், துணி நூலைப் பிடித்துக்கொள்வதால் ஊசியின் பின்னால் சின்னதாக ஒரு வளையம் புடைக்கிறது. ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்துக்குள் மூக்கை நுழைத்து, அதை அகல விரித்து, கீழ்நூல் சுற்றிய பாபினை முழுசாகச் சுற்றிக் கொண்டுபோய்விடுகிறது! மேல்நூல் ஒவ்வொரு தையலுக்கும் பாபினை ஒருமுறை வலம் வந்துதான் கீழ்நூலோடு பின்னிக்கொள்கிறது. இது நிமிடத்துக்கு 600 தடவை நடக்கிறது. மிஷினை நிறுத்தி, பாபின் மூடியைத் திறந்து, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பார்த்தபிறகுதான் நம்புவீர்கள்.

இந்த வளையம் சரியாகப் புடைப்பதற்காகவே ஊசியின் பின்புறம் ஒரு சின்னக் குழிவு செதுக்கியிருக்கிறார்கள். முன்புறத்தில் நூல் ஒளிந்துகொள்ள நீளமாக ஒரு பள்ளம். அதனால்தான் ஊசியைத் திருப்பி மாட்டினால் தையல் தவறித் தவறி விழுகிறது. புது மிஷின் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன், ஊசியின் தட்டைப் பக்கம் கையேட்டில் சொன்ன திசையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: நூல் துணிக்குள் போய்ச் சேருவதற்குமுன் ஊசிக் காதில் ஒருமுறை அல்ல, பலமுறை முன்னும் பின்னும் போய்வருகிறது. பழைய நூல்கண்டு, சொரசொரப்பான மலிவு நூல் ஏன் நடுவில் நடுவில் அறுகிறது என்பது புரிந்ததா? பாட்டி காலத்து நூல்கண்டுகளை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மிஷினில் ஏற்றாதீர்கள்.

துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறதா? எல்லோரும் உடனே பாபினைத் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் மேல்நூல்! துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கினால்தான், மேல்நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் தட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காராது. பிடிமானம் இல்லாமல் அடியில் போய்க் குவியும். ஃபுட்டைத் தூக்கி, நூலை எடுத்துவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கட்டுரையை வெட்டி மிஷின் டிராயரில் வைக்கலாம்.

ஊசி டப்பாவில் 90/14 என்று எழுதியிருக்கிறதே, என்ன கணக்கு? 90 என்றால் ஊசியின் தடிமன் 0.90 மில்லிமீட்டர். கடைக்காரர் "16ஆம் நம்பர்" என்று எடுத்துத் தருவது சரியாக 1 மில்லிமீட்டர். ரவிக்கைப் பருத்திக்கும் பாப்ளினுக்கும் 14 போதும். மல்துணிக்கு 11. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக உண்டு. அது இழையைக் குத்திக் கிழிக்காமல் ஒதுக்கிக்கொண்டு போகும். நூலின் கணக்கோ தலைகீழ், நம்பர் ஏற ஏற நூல் மெலியும்!

சரி, புது மிஷினில் இருநூறு டிசைன் தையல் இருக்கிறது என்று கடையில் காட்டினார்களா? பூ, இலை, வாத்து வரிசையெல்லாம் வருகிறதா? என் தீர்ப்பு கொஞ்சம் கசக்கும்: வீட்டில் தைக்கும் பத்துப் பொருளில் ஒன்பதுக்கு நேர்த்தையல் ஒன்றே போதும். நிலவில் நடந்தவர்கள் போட்டிருந்த உடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 21 அடுக்கு கொண்ட அந்த அப்போலோ உடைகளைத் தைத்தது யார் தெரியுமா? 'பிளேடெக்ஸ்' உள்ளாடை செய்த கம்பெனியின் தையல்காரிகள்! சிங்கர் மிஷின்களில் உட்கார்ந்து, ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்குகூடப் பிசகாமல் தைத்தார்கள். வாத்து டிசைன் எதுவும் போடவில்லை.

முதல் வாரத்தில் நூலே கோக்க வேண்டாம். கோடு போட்ட நோட்டுத் தாளை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, கோட்டின்மேலேயே ஊசியை ஓட்டிப் பழகுங்கள். (பிறகு அந்த ஊசியை மாற்றிவிடுங்கள். தாள் ஊசியை மழுக்கும்.) அடுத்து தலையணை உறை: ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், பின்பக்கம் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடிந்தால் போதும். அதற்கடுத்து மஞ்சப்பை. 2021 டிசம்பரில் தமிழக அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபின் அதற்கு மவுசு கூடியிருக்கிறது. இவை இரண்டும் கைவந்தால் ஜன்னல் திரை, சமையலறை ஏப்ரன், குழந்தைக்கு ஜப்லா எல்லாம் தானாக வரும். அதற்குப் பிறகுதான் பெரிய விருந்து.

துணி அரசியல் தெரியுமா?

அந்தப் பெரிய விருந்துதான் குயில்ட். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு மேலே ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு விரிப்பு, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குயில்ட் செய்த சீமாட்டிகள் எந்தத் துணிக்காக ஏங்கினார்கள் தெரியுமா? நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூப்போட்ட பருத்திக்காக!

அன்றைய ஐரோப்பாவில் பருத்தியில் அச்சடித்த சாயம் தண்ணீர் பட்டால் போய்விடும். நம் சாயக்காரர்களின் துணியோ துவைக்கத் துவைக்கப் பளிச்சிட்டது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணி, படிகாரம், சாயவேரின் சிவப்பு, அவுரியின் நீலம். இந்தக் கைப்பக்குவம் அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. கூர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, 1742இல் பிரான்ஸுக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பிவிட்டார்! (சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டிய அதே பாதிரியார்தான். மனிதர் எதையும் விடவில்லை.)

இந்தத் துணியைப் பார்த்து அரசாங்கங்களே நடுங்கின. பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. அது விலக 1759 ஆயிற்று. இங்கிலாந்து 1701இல் அச்சிட்ட துணி இறக்குமதியைத் தடுத்தது, 1721இல் உடுத்துவதற்கே தடை. 1719இல் லண்டன் தெருக்களில் பூப்போட்ட பருத்தி உடுத்திய பெண்களை நெசவாளர்கள் விரட்டி, உடையைக் கிழித்தார்கள். ஒரு பாவாடைத் துணிக்காகக் கலவரம்!

கிடைத்தற்கரிய துணி என்பதால் ஒரு புது வித்தை பிறந்தது. துண்டுத் துணியிலுள்ள பறவையையும் பூவையும் மட்டும் கத்தரித்தெடுத்து, சாதா வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்தார்கள். ஒரு முழத் துணியில் ஒரு விரிப்பு முழுக்கத் தோட்டம்! இந்த ஒட்டுவேலை நமக்கும் புதிதல்ல. தேரில் தொங்கும் தொம்பையை நிமிர்ந்து பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வெட்டி ஒட்டித் தைத்த தஞ்சாவூர் வேலை. குயில்ட்டுக்குப் பக்கத்து வீடு.

சாயம் போவதையே விளம்பரமாக்கிய கதை தெரியுமா? 1958இல் மதராஸ் கட்டம்போட்ட துணி அமெரிக்காவுக்குப் போனது. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்ற செய்தி வாங்கியவர்கள் காதுக்குப் போகவில்லை. சலவை இயந்திரத்தில் போட்டார்கள், கட்டங்கள் ஒன்றோடொன்று குழம்பின. புகார்கள் குவிந்தன. விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள்? சாயம் போகும் என்று உத்தரவாதமே கொடுத்து விற்றார்கள்! ஒவ்வொரு சலவைக்கும் சட்டை புதுச்சட்டை ஆகும் என்றார்கள். விற்றுத் தீர்ந்தது. இதே மதராஸ் கட்டத்தை நைஜீரியாவின் கலபாரி மக்கள் வாங்கி, நடுநடுவே இழைகளை அறுத்து உருவி, புது டிசைனே உண்டாக்கி உடுத்துகிறார்கள்.

ஆனால் உங்கள் குயில்ட்டில் சாயம் போனால் விளம்பரம் கைகொடுக்காது. எனவே கொஞ்சம் காரியத்துக்கு வருவோம்.

பருத்தி மட்டும். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகமா? ஓர் இழையை உருவி, தட்டின்மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாக ஒரு மணியாகும். இரண்டையும் ஒரே விரிப்பில் சேர்த்தால் இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சுருக்கும், மற்றொன்றை நேராக்கும். பட்டுத் துண்டு ஆசையாக இருக்கும், ஜரிகை உடம்பைக் கீறும். அதைச் சுவரில் தொங்கவிடும் சின்ன வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் துணியையும் வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள். பருத்தி முதல் சலவையிலேயே நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று சுருங்கும். ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவு சுருங்கும் என்பதுதான் வம்பு. கருஞ்சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றையும் நம்பவே நம்பாதீர்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணிக்கு இடமில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கரையை வெட்டி எறியுங்கள். அங்கே நெசவு இறுக்கம், வேறு மாதிரிச் சுருங்கும். பாவு நூல் வாக்கில் இழுத்தால் துணி அசையாது. ஊடை வாக்கில் லேசாகக் கொடுக்கும். கிராஸில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும்! சதுரங்களை நூல்வாக்கில் வெட்டுவது அதனால்தான். ரவிக்கைக் கழுத்துக்கு பைப்பிங் துண்டைக் கிராஸில் வெட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான். வளைவில் வளைந்து கொடுக்கும்.

இப்போது நிறம். புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். கைதேர்ந்தவர்கள் வெளுப்பையும் கருமையையும் பார்க்கிறார்கள். கடையில் அழகழகாக எடுத்த சிவப்பும் பச்சையும் நீலமும் தைத்து முடித்ததும் ஒரே குழம்பாகத் தெரியும். ஏன்? எல்லாமே ஒரே அழுத்தமுள்ள நிறங்கள். துணிகளை வரிசையாக அடுக்கிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிர் நிறம் இரண்டு சேருங்கள். இந்த வித்தைக்குக் காசு செலவே இல்லை, கட் பீஸ் கடையில் நின்றுகொண்டே செய்யலாம். எல்லாம் பொடிப் பூவாக எடுத்தால் தள்ளி நின்று பார்க்கையில் பூவே தெரியாது. பெரிய பூ ஒன்று, பொடிப்பூ இரண்டு, சாதா நிறம் ஒன்று என்று கலந்து எடுங்கள். மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டம் அழகுதான், ஆனால் முதல் விரிப்புக்கு வேண்டாம். துணி ஒரு நூல் சாய்ந்தாலும் கட்டம் காட்டிக் கொடுத்துவிடும்.

நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தலையணைக்கு அதுதான் ராஜா, துவைக்கும் விரிப்புக்கு ஆகாது. இலவம்பஞ்சின் இழை உள்ளே வெறும் காற்று, தண்ணீரே ஒட்டாது. கப்பலில் உயிர்காக்கும் சட்டைகளுக்குள் அதை அடைத்தார்கள், தெரியுமா? நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சே அநாவசியம். பழைய பருத்திச் சேலை ஒன்றை நடுவில் வைத்தால் போதும்.

ஒட்டுத்துணி போன ஊர்கள்

வங்காளத்துக் காந்தா விரிப்பு அப்படிப் பஞ்சில்லாமல்தான் பிறந்தது. பழஞ்சேலைகளை அடுக்கி, தைக்க நூலையும் அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள்! கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் 'கவந்தி' தைக்கிறார்கள். எல்லோரும் நடுவிலிருந்து வெளியே போனால், இவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். நாலு மூலையிலும் மடித்த துணிப்பூ வைக்காமல் முடிக்கவே மாட்டார்கள்.

புத்த பிக்குகளின் காவி அங்கி ஏன் கட்டம் கட்டமாகத் தைத்திருக்கிறது? மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, இதைப்போல் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநய பிடகம் சொல்கிறது. வயல் வரப்பு அங்கியாகிவிட்டது!

1841இல் 'ராஜா' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு டாஸ்மேனியாவுக்குப் போனது. தொண்டுள்ளம் கொண்ட பெண்கள் அவர்களுக்கு ஊசி, நூல், துண்டுத் துணி கொடுத்தனுப்பினார்கள். கரையிறங்கியபோது 2,815 துண்டுகள் கொண்ட விரிப்பு தயார்! நூறாண்டுகளுக்கும் மேல் எங்கோ மறைந்துகிடந்து, 1980களில் ஸ்காட்லாந்தில் ஒரு பரணிலிருந்து வெளிவந்து, இன்று ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. 1942இல் ஜப்பானியர்கள் சிங்கப்பூரைப் பிடித்து, சாங்கி சிறையில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே அடைத்தார்கள். கடிதத்துக்கு அனுமதியில்லை. பெண்கள் ஆளுக்கொரு சதுரத்தில் தம் பெயரைத் தைத்து, 66 சதுரங்கள் சேர்த்து விரிப்பாக்கி ஆண்கள் பக்கத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உயிரோடு இருக்கிறோம் என்ற தகவல் அப்படிப் போய்ச் சேர்ந்தது.

எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர் தாங்கிய விரிப்பை 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு கல்லறை அளவு. இன்று அதன் எடை 54 டன்.

அமெரிக்காவில் பஞ்ச காலமான 1930களில் மாவு மூட்டைச் சாக்கைப் பிரித்துப் பெண்கள் பாவாடையும் விரிப்பும் தைப்பதைப் பார்த்த மாவுக் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? சாக்கையே பூப்போட்ட துணியில் செய்யத் தொடங்கின! கம்பெனிப் பெயரைத் துவைத்தால் போகிற மையில் அச்சடித்தன. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பினக் கிராமத்துப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்பிலிருந்து தைத்த விரிப்புகள் 2002இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின, 2006இல் அஞ்சல் தலையாகவும் வந்தன. அடிமைகள் தப்பியோட வழிகாட்டும் ரகசியக் குறிகள் குயில்ட்டில் இருந்தன என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதை மட்டும் நம்பாதீர்கள். அதற்குச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

விண்வெளி ஓடம்கூடக் குயில்ட் போர்த்திக்கொண்டுதான் பறந்தது! அதன் மேற்பரப்பின் பல பகுதிகளில் ஒட்டியிருந்தவை, சிலிகா இழைப் பஞ்சை நடுவில் வைத்து, சிலிகா நூலால் ஓர் அங்குலக் கட்டம் கட்டமாகத் தைத்த போர்வைகள். 2013இல் கேரன் நைபர்க் என்ற விண்வெளி வீராங்கனை விண்வெளி நிலையத்திலேயே நட்சத்திரக் கட்டம் ஒன்றைத் தைத்தார். எடையற்ற இடத்தில் தைப்பதைவிடத் துணியை நேராக வெட்டுவதுதான் பெரும்பாடாம், மிதந்து மிதந்து போகிறதாம்!

ரவிக்கைத் துணிக் கணக்கு

கொலுவுக்கும் வரலட்சுமி நோன்புக்கும் கல்யாணத்துக்கும் தாம்பூலத்தோடு வந்து பீரோவில் அடுக்கடுக்காகத் தூங்குகிறதே ரவிக்கைத் துணி, அதற்கு வருவோம். 60க்கு 90 அங்குலத்தில் ஒற்றைக் கட்டில் விரிப்பு. சதுரம் ஒன்று தைத்தபின் 5 அங்குலம். குறுக்கே 12, நெடுக்கே 18, மொத்தம் 216 சதுரம். சுற்றிலும் கால் அங்குலத் தையலுக்கு விட்டு ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். 36 அங்குலப் பன்னாவில் 80 சென்டிமீட்டர் துணி என்றால் 30 சதுரம் கிடைக்கும். எட்டுத் துணி போதும்! எட்டே எட்டு. அதைவிட அதிகம் உங்கள் பீரோவில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சதுரங்களை இணைக்கும் தையலின் மொத்த நீளம் 51 மீட்டர். இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் சுமார் 20,000 தையல்! மலைக்காதீர்கள். நிமிடத்துக்கு 600 என்று மிஷின் ஓடினால் முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடியும் வேலை அது. மற்ற நேரமெல்லாம் வெட்டுவதற்கும் அடுக்குவதற்கும் இஸ்திரி போடுவதற்கும் பிரிப்பதற்கும்தான்.

கவனம் வேண்டியது கால் அங்குலத் தையலில். அரை நூல் (அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு) அதிகமாகப் பிடித்துத் தைத்தால் ஒவ்வொரு சதுரமும் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் குறையும். 12 சதுரத்துக்கு ஒன்றரை அங்குலம் காணாமல் போகும்! ஊசித் தட்டில் கால் அங்குலத்துக்கு ஒரு டேப் துண்டை ஒட்டிக்கொண்டு, துணியின் ஓரம் அதை உரசியே போகும்படி தையுங்கள். கண் ஊசியைப் பார்க்கக்கூடாது, டேப்பைப் பார்க்க வேண்டும்.

இன்றைக்கே அந்த எட்டுத் துணியை எடுத்து வாளியில் ஊறப்போடுங்கள், கருஞ்சிவப்பை மட்டும் தனி வாளியில். நல்ல கத்தரிக்கோல் ஒன்றைத் துணிக்கென்றே ஒதுக்கி, வீட்டில் யாரும் அதால் பால் பாக்கெட் வெட்டாதபடி ஒளித்து வையுங்கள்.